கூரைக்குள் வாத்தியார்

“ஆளுங்களை நடத்துறது எப்படின்னு படிக்க வேண்டியது எல்லாம் படிச்சாச்சு. இன்னும் அக்கரைக் கிளை மடத்தை நடத்த அதோட சாவியை என்கிட்ட தர மனசு வரலையா அம்மா?” என்று கேட்டார் உலகநாதர்.

அவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மடத்துக் குரு பூங்கோதையம்மைக்கு அவருடைய தங்கை வயதுதான். அதில் இருவருக்கும் சங்கடமில்லை. சங்கடப்பட்டதெல்லாம் ஊரார்தான்.

குரு ஆற்றைப் பார்த்தார். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மடத்துச் சமையல் கொட்டகை கரையோரப் பள்ளத்தில் நின்றது.

“கொட்டகையை மேட்டுல கொண்டுபோய் வைங்க வாத்தியாரே. வெள்ளத்துக்குப் பயந்து பொழுது சாயறதுக்குள்ள சுத்துப்பட்டு ஜனம் பூரா பசியோட வந்துடும். சாவியை அப்புறம் பாப்போம்.”

அந்த ஊர்ப் பக்கத்தில் கீற்றுக்கூரையைப் பிரிக்க மாட்டார்கள். ஊன்றுகால்களோடு கட்டிய கயிறுகளை அவிழ்த்துவிட்டு, ஆட்கள் உள்ளே நின்று அலாக்காகத் தூக்கி, கூரையோடு நடந்தே போய்விடுவார்கள். மேட்டில் புதுக் கால்கள் தயாராக நின்றன.

உலகநாதர் பள்ளிக்கூடத்துப் பழக்கப்படி ஆட்களை நிறுத்தினார். குள்ளமானவர்கள் முன்னால், உயரமானவர்கள் பின்னால். பிறகு மேட்டில் ஏறி நின்று, கூட்டு முயற்சியைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். கொஞ்சம் என்பது அவர் கணக்கு.

“தூக்குங்க! இடது பக்கம்!”

கூரை எழுந்தது. முன்பக்கம் தரையை முகர்ந்தபடி தள்ளாடிப் போய், ஒரு முழு வட்டம் சுற்றி, கிளம்பிய இடத்திலேயே உட்கார்ந்தது.

குருவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

உலகநாதருக்கு அழுகை வராத குறை. “நான் சரியாத்தான் சொல்றேன். இவங்கதான் கேக்க மாட்டேங்கிறாங்க!”

குரு கூரை ஓரத்துக் கீற்றைத் திரைபோல விலக்கிப் பிடித்துக்கொண்டு, அவரைப் பார்த்தபடி நின்றார்.

வாத்தியார் குனிந்து உள்ளே போனார்.

உள்ளே ஒரே இருட்டு. பல வருஷத்துப் புகைக்கரி பொலபொலவென்று தலையில் கொட்டியது.

“நான் சொன்னது கேட்டுச்சா?”

“ஏதோ சத்தம் கேட்டுச்சுங்க. மாடு ஓட்டுறீங்கன்னு நினைச்சோம்” என்றாள் சமையல்காரி அமிர்தம்.

பின்னாலிருந்து நெட்டை ஆண்டியப்பன் முனகினான். “ஐயா, மொத்தப் பாரமும் எங்க தோள்ல. முன்னாடி நிக்கிறவங்களுக்குக் கையே எட்டலை.”

வாத்தியாருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட நேரமில்லை. தண்ணீர் அடுப்பைத் தொட்டுவிட்டது.

“ஒரு நெட்டை, ஒரு குட்டைன்னு மாறி மாறி நில்லுங்க. எட்டாதவங்க கவட்டைக் கம்பால முட்டுக் கொடுங்க. அமிர்தம், நீ வாசப்பக்கம் நின்னு வழி சொல்லு. ஆண்டியப்பா, நகரு, உன் பக்கம் நானும் பிடிக்கிறேன்.”

“கால் ஒண்ணா எடுத்து வைக்கணுமே, ஏதாவது பாடுங்களேன்” என்றாள் அமிர்தம்.

படித்ததில் ஒரு வரிகூட அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. முப்பது வருஷம் தொண்டை கிழியக் கத்தியதுதான் வந்தது.

“ஓரெண்டு ரெண்டு!”

உள்ளே அத்தனை தொண்டையும் சேர்ந்துகொண்டது.

“ஈரெண்டு நாலு! மூரெண்டு ஆறு!”

கூரை எழுந்தது. வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே மேடேறியது. ஆண்டியப்பன் தப்பாகச் சொன்னபோது எல்லோரும் சிரித்ததில் ஒருமுறை குலுங்கியது. நிற்கவில்லை.

புதுக் கால்களின் மேல் அது உட்கார்ந்தபோது உள்ளிருந்து கிளம்பிய கூச்சலில் அக்கரைக் கொக்குகள் பறந்தன.

ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். எல்லா முகமும் கரி. பல் மட்டும் வெள்ளை.

குரு இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“இதுல உலகநாத வாத்தியார் யாரு?”

யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் பள்ளத்துக்கு ஓடி, பாத்திரங்களை அள்ளிக்கொண்டிருந்தார்கள். அண்டா தண்ணீரில் மிதக்கத் தொடங்கியிருந்தது. ஒரு கரிமுகம் அதன் வளையத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தது.

“சாவி இருக்கட்டும்மா, ஜனம் வந்துக்கிட்டிருக்கு. வாங்க, அந்தப் பக்கம் பிடிங்க!”

குரு சாவியை இடுப்பிலேயே செருகிக்கொண்டு இறங்கி ஓடினார். அண்டாவின் மறுபக்கத்து வளையத்தைப் பிடித்தார்.

“ஓரெண்டு ரெண்டு!” என்றார் குரு.