கூழைக்குளத்துக்குப் போட்ட பந்தல்

கூழைக்குளம் என்று ஒரு நகராட்சி. அந்த ஊர்க்காரர்களுக்கு மூளை இல்லை என்று சொன்னால் அது வீண்பழி. ஆளுக்கு ஒன்று இருக்கத்தான் இருந்தது. தேய்ந்துவிடப் போகிறதே என்று அதிகம் வெளியே எடுக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

அங்கே தவமணி என்று ஒருவர். ஏழாவது வார்டு கவுன்சிலர், எதிர்க்கட்சி. சந்தைத் திடல் ஓரத்தில் அவரும் அவர் சம்சாரம் கோமதியும் ஒரு மெஸ் நடத்தினார்கள். பத்தொன்பது வருஷத்துப் பிழைப்பு. அதை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது.

அந்தப் பிழைப்பில்தான் ஒருநாள் இடி விழுந்தது. நகராட்சிக் கூட்டத்தில் சேர்மன் அருணகிரி எழுந்து, "நம்ம ஊருக்குப் பெரிய கம்பெனி வருது. சந்தைத் திடல்ல கண்ணாடிக் கட்டடம் கட்டப் போறாங்க. சுத்தி இருக்கிற கடைகளையெல்லாம் எடுத்துடணும். முப்பது வருஷத்துக்கு அவங்க வரி கட்ட வேண்டாம்" என்றார்.

தவமணி துள்ளி எழுந்தார். "என் மெஸ்ஸுக்கு நான் வரி கட்டுறேனே, சேர்மன்! என்னை எடுப்பீங்க, வரி கட்டாதவனை உட்கார வைப்பீங்களா?"

"உங்க மெஸ் சின்னதுங்க. ஒரே கூரைக்குக் கீழே ஒரு லட்சம் சதுர அடி இருந்தா வரியும் கிடையாது, அந்த இடத்துல வேற யாரும் கை வைக்கவும் முடியாது. அரசாணை." சேர்மன் காகிதத்தைக் காட்டினார். தலைகீழாகக் காட்டியதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

தவமணி தன் கட்சியின் மாவட்டச் செயலாளருக்குப் போன் போட்டு அழாக்குறையாகச் சொன்னார். செயலாளருக்கு ஏதோ அவசரம். "விடாதீங்க தவமணி! கம்பெனிக்கு என்ன சலுகையோ அதே சலுகையை நம்ம ஜனங்களுக்கும் வாங்கிட்டுத்தான் மறுவேலை பார்க்கணும்" என்று வைத்துவிட்டார்.

தவமணி சொன்ன சொல் தட்டாதவர். இட்லி கூட ஊற்றாமல் நேரே பந்தல்காரர் சேவுகனிடம் போனார்.

"சேவுகா, ஒரு லட்சம் சதுர அடிக்குக் குறையாம ஒரே பந்தலாப் போடணும்."

"யாருக்குண்ணே கல்யாணம்?"

"ஊருக்கு."

"பொண்ணு வீட்டு ஆளுங்க எத்தனை பேர் வருவாங்க?" என்று கேட்டுக்கொண்டே சேவுகன் மூங்கிலை எடுத்து வண்டியில் ஏற்றினார். அப்படியொரு தொழில் பக்தி.

ஒரு வாரத்தில் மொத்த ஊரும் பந்தலுக்குள் வந்துவிட்டது. கடைத்தெரு, குளம், பஸ் ஸ்டாண்டு, சேர்மன் வீடு, எல்லாம் ஒரே தார்ப்பாய்க்குக் கீழே. தென்னை மரங்கள் மட்டும் தகராறு செய்தன.

"மரத்துக்கு ஓட்டை போட்டுடலாம்" என்றார் சேவுகன்.

"ஓட்டை இருந்தா அது ஒரே கூரை ஆகாது" என்றார் கணக்கு வாத்தியார் இன்னாசி. ஊரிலேயே விவரமானவர் என்று பெயர் எடுத்தவர்.

ஒன்றரை நாள் விவாதம் நடந்தது. கடைசியில் ஓட்டை போட்டு மரத்தை வெளியே விட்டு, அந்த ஓட்டை நனையாமல் இருக்க ஒவ்வொரு மரத்தின் உச்சியிலும் ஒரு குடை கட்டினார்கள். சேர்மன் அண்ணாந்து பார்த்தார், அரசாணையைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டுவிட்டார். வேறென்ன செய்வார்? ஒரே கூரை இருக்கிறதே! அவர் வீட்டுக்கும் சேர்த்தல்லவா வரி போயிற்று!

ஊரே ஒரு கட்டடம் ஆனபிறகு அதற்குரிய மரியாதையைக் கொடுக்க வேண்டாமா? செருப்பை ஊர் எல்லையிலேயே கழற்றிப் போட்டுவிட்டு வந்தார்கள். பஸ்ஸும் வீட்டுக்குள் வரலாமா என்று வெளியே நிறுத்தினார்கள். வரி வராததால் நகராட்சிக்காரர்கள் தெருப் பெருக்குவதை நிறுத்தினார்கள். "வீட்டுக்குள்ளே அடுத்தவனா வந்து பெருக்குவான்?" என்று ஜனங்களும் அதை நியாயம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

அப்புறம் கம்பெனி மேனேஜர் காரில் வந்து இறங்கினார். எல்லையிலேயே பூட்ஸைக் கழற்றச் சொன்னார்கள்.

"சந்தைத் திடல் எங்கே இருக்கு?"

"உள்ளேதான். நேரே போய், கூடத்தைத் தாண்டி, குளத்துக்குப் பக்கத்து ரூம்" என்றார் தவமணி.

மேனேஜர் காலுறையோடு ஊரைச் சுற்றிப் பார்த்தார். ஒரு கட்டடத்துக்குள் இன்னொரு கட்டடம் கட்ட எந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்று அவருக்கும் தெரியவில்லை. போனவர் போனவர்தான். பூட்ஸைக்கூட மறந்துவிட்டார்.

மெஸ் பிழைத்தது. கோமதி அன்றைக்கு எல்லோருக்கும் கேசரி கொடுத்தாள். தவமணிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

விஷயத்தைக் கேட்ட மாவட்டச் செயலாளர் பூரித்துப்போய்ப் போன் செய்தார். "சபாஷ் தவமணி! இனிமேலும் அசந்துடாதீங்க. வரி கட்டாம எந்தப் பெரிய கட்டடம் உங்க ஊர்ல நின்னாலும் விடாதீங்க. முற்றுகை போடுங்க. ஒருத்தனையும் உள்ளே விடக்கூடாது!"

தவமணி போனை வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். மேலே தார்ப்பாய். ஐயய்யோ!

"வாத்தியாரே, வரி கட்டாத பெரிய கட்டடம் நம்ம ஊர்ல ஏதாவது இருக்கா?"

இன்னாசி வாத்தியார் விரல் விட்டு எண்ணினார். "ஒண்ணே ஒண்ணு இருக்கு. அதுக்குள்ளேதான் நாம நிக்கிறோம்."

"அப்ப முற்றுகை போட வேண்டியதுதான்."

"உள்ளே இருந்துகிட்டு எப்படிப் போடுறது?"

நியாயமான கேள்வி. ஊரே கிளம்பி வெளியே வந்து பந்தலைச் சுற்றி உட்கார்ந்தது. சேர்மனும் வந்து உட்கார்ந்தார். தனியாக உள்ளே இருக்க அவருக்குப் பயம். கோமதி மட்டும் கடைசியாக மாவுப் பாத்திரத்தோடு வந்தாள்.

"என்னங்க, மெஸ்ஸைக் காப்பாத்தினீங்க சரி. இப்ப மெஸ்ஸுக்குள்ளே யார் போறது?"

"ஒருத்தரும் போகக்கூடாது. நானும் போக மாட்டேன். கட்சிக் கட்டளை" என்றார் தவமணி. எந்தக் கடைக்காக இவ்வளவு பாடுபட்டாரோ, அதன் வாசலை அவரே மறித்துக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று.

கோமதி தலையில் அடித்துக்கொண்டு, மூன்று கல்லைக் கூட்டி அங்கேயே அடுப்பு மூட்டினாள். மத்தியான வெயில் மண்டையைப் பிளந்தது. சேவுகன் மனசு பொறுக்காமல் ஊர்ப் பந்தலின் ஓரத்தில் ஒரு தார்ப்பாயைக் கட்டி, உட்கார்ந்திருந்தவர்கள் தலைக்கு மேலே இழுத்துவிட்டார். எல்லோரும் அப்பாடா என்று இரண்டு இட்லி சாப்பிட்டார்கள்.

மூன்றாவது இட்லியில் இன்னாசி வாத்தியார் நிறுத்தினார். "தவமணி, கூரை சேர்ந்துடுச்சே. நாம மறுபடியும் உள்ளே வந்துட்டோமே!"

பதறியடித்து எல்லோரும் அடுப்பைத் தூக்கிக்கொண்டு இருபதடி தள்ளி உட்கார்ந்தார்கள். அங்கேயும் வெயில். சேவுகன் இன்னொரு தார்ப்பாயை முடிந்து இழுத்தார். மறுபடியும் இருபதடி நகர்ந்தார்கள்.

இப்படியே நகர்ந்து நகர்ந்து நாலு மாதத்தில் பக்கத்து ஊரான தட்டாரேந்தல் எல்லைக்கு வந்துவிட்டார்கள். வரி கட்டாத ஒரு பெரிய கட்டடம் தங்கள் ஊரைப் பார்த்து வருகிறது என்று கேள்விப்பட்டு அந்த ஊர் ஜனங்கள் கொதித்துப்போனார்கள். உடனே எதிர்ப்புப் போராட்டம் அறிவித்து, இந்த மாதிரி விஷயத்தில் அனுபவப்பட்டவர் என்று தவமணியையே தலைமை தாங்கக் கூப்பிட்டார்கள்.

தவமணி சந்தோஷமாக ஒப்புக்கொண்டார்.

"கட்டாயம் வர்றேன். ஆனா வெயில் ஜாஸ்தியா இருக்கு, ஜனங்க பாவம். நம்ம சேவுகனை விட்டு முதல்ல ஒரு பந்தல் போட்டுடுவோம்."