கால்விலங்குக்கு அளவு

"கொலை செய்தவனிடம் வயது கேட்கப்படாது."

மடத்து மாணவி செங்கமலம் ஓலையில் எழுதியிருந்தது அந்த ஒரே வரிதான். அரசன் கேட்டிருந்த புதுச் சட்டம். மடத்திலிருந்து மறுநாள் காலை அரண்மனைக்குப் போயாக வேண்டும். முதலில் அது பாயப்போவது பூவன் மேல். பதினான்கு வயது. களஞ்சியத்துக்குத் தீ வைத்தான். உள்ளே தூங்கிய காவலாளி காத்தான் வெந்து செத்தார்.

குரு படித்தார். "இவ்வளவுதானா?"

"இதுக்கு மேல என்ன வேணும்? தீ வைக்கத் தெரிஞ்சவனுக்குத் தண்டனை மட்டும் தெரியாதா? காத்தான் பொண்டாட்டி வாசல்ல நின்னு நியாயம் கேக்குறா, அடிகளே. அவகிட்டப் போய், பாவம் சின்னப் பையன்னு சொல்லவா?"

"சொல்ல வேண்டாம். எத்தனை வருஷம் சிறை?"

"இருபது. கால்ல விலங்கோட."

"சரி. கொல்லரைக் கூட்டிக்கொண்டு சிறைக்குப் போ. விலங்குக்கு அளவு சொல்லிவிட்டு வா. அப்புறம் முத்திரை வைக்கிறேன்."

இதெல்லாம் ஒரு வேலையா என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

சிறையில் இருந்த விலங்கு எதுவும் பூவனின் காலில் நிற்கவில்லை. மாட்டியதும் பாதம் வழியே கழன்று விழுந்தது. கொல்லர் நூலால் அவன் கணுக்காலை அளந்தார்.

"இறுக்கமா அடிச்சிரவா, தாயி?"

"ஐயோ, வேண்டாம். வளர்ற பிள்ளை, கொஞ்சம் தாராளமாவே அடிங்க."

தம்பிக்குச் சட்டை தைக்கக் கொடுக்கும்போது சொல்வதுபோல, வாயில் தானாக வந்துவிட்டது.

கொல்லர் நிமிர்ந்து பார்த்தார். "தாராளமா அடிச்சா இப்பவே கழண்டுரும். அளவா அடிச்சா ரெண்டு வருஷத்துல சதையில இறங்கிரும். இருபது வருஷத்துல எந்த வருஷத்துக் காலுக்கு அடிக்க?"

பூவன் குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நூலை மட்டும் எடுத்துக்கொண்டு செங்கமலம் திரும்பினாள்.

"விலங்கு?"

"அளவு சொல்ல முடியல."

"கொல்லரிடம் என்ன சொன்னாய்?"

சொன்னாள். பாதியில் குரல் இறங்கிவிட்டது. ஆனாலும் விடவில்லை.

"அப்போ காத்தான்? அவர் பிள்ளைங்களும் வளர்ற பிள்ளைங்கதானே? வாசல்ல நிக்கிறவளுக்கு என்ன பதில்?"

குரு பழைய ஓலையை ஓரமாக வைத்தார். நீளமான புது ஓலை ஒன்றை அவள் பக்கம் தள்ளினார்.

"அதையும் எழுது. ஒரு வரியில் முடியாது. முதல் வரியைத்தான் கொல்லரிடமே சொல்லிவிட்டு வந்தாயே."