சாம்ரோஷ் ஒளித்த விதைகள்

பாரசீகக் கடலில், கரைக்குச் சற்றுத் தள்ளி, ஒரு பெரிய மரம் நின்றது. உலகத்துச் செடிகொடிகளின் விதைகளெல்லாம் அந்த ஒரே மரத்தில் காய்த்தன. அதன் உச்சியில் சிமுர்க் என்ற பெரும்பறவை வாழ்ந்தாள். மரத்தடிப் பாறையில் சாம்ரோஷ் வாழ்ந்தான்.

சாம்ரோஷுக்கு நாயின் உடல். கழுகின் தலையும் சிறகும். குட்டியாக இருந்தபோது, "நாய்க்கு இங்கே என்ன வேலை?" என்று கழுகுகள் அவனை விரட்டின. நாய்களோ அவன் அலகைப் பார்த்து ஓடின. போக்கிடமில்லாமல் அலைந்தவனுக்கு மரத்தடியில் இடம் கொடுத்தவள் சிமுர்க்தான்.

ஆண்டுக்கு ஒருமுறை சிமுர்க் சிறகை விரித்து எழுவாள். கிளைகள் ஒடியும், விதைகள் கொட்டும். சாம்ரோஷ் அவற்றைப் பொறுக்கி, மேகங்கள் நீர் மொள்ளும் இடத்தில் தூவுவான். மேகங்கள் விதையோடு நீரை அள்ளி மழையாகப் பெய்யும். மலைச்சரிவெல்லாம் புல் முளைக்கும்.

ஒரு வருடம் மெஹ்ரி என்ற பெண்மான் தன் குட்டியோடு கரைக்கு வந்தது.

"சிமுர்க் தாயே, உன் புண்ணியத்தில் எனக்குப் பால் சுரக்கிறது" என்று உச்சியைப் பார்த்துச் சொன்னது. கீழே நின்ற சாம்ரோஷை அது திரும்பியும் பார்க்கவில்லை.

அவனுக்கு வயிறு எரிந்தது. 'உதிர்ப்பது அவள். சுமப்பது நான். நன்றி மட்டும் அவளுக்கா?'

அடுத்த முறை விதைகள் கொட்டியபோது, எல்லாவற்றையும் கரையோரக் குகையில் பதுக்கினான்.

மழை பெய்தது. புல் முளைக்கவில்லை. மான்கள் கூட்டமாக வந்து, "எங்களைக் கைவிட்டுவிட்டாயே" என்று சிமுர்க்கிடம் அழுதன.

சிமுர்க் திகைத்தாள். "சாம்ரோஷ், விதைகளைத் தூவினாயா?"

"தூவினேன்" என்றான்.

அவள் அதை நம்பினாள். "அப்படியானால் கெட்டது என் விதைதான்" என்று சொல்லி, மரத்தை விட்டுத் தொலைதூர மலைக்குப் பறந்துபோனாள்.

சாம்ரோஷுக்கு மனசு குளிர்ந்தது. உச்சிக்கு ஏறி, அவள் இடத்தில் உட்கார்ந்து, சிறகை அடித்தான். ஒரு சுள்ளிகூட ஒடியவில்லை. திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தான்.

அங்கிருந்து மலைச்சரிவு தெரிந்தது. மெஹ்ரி தன் குட்டியை நக்கி எழுப்பிக்கொண்டிருந்தது. குட்டி எழவில்லை.

சாம்ரோஷ் பதறிக் குகைக்கு ஓடினான். கடல்நீர் புகுந்து விதைகள் அழுகிக் கிடந்தன. அள்ளிய முன்னங்காலில் நாற்றம்தான் மிஞ்சியது. அப்படியே சிமுர்க் போன மலைக்குப் பறந்தான்.

"விதைகளை ஒளித்தது நான்தான்" என்றான் சிமுர்க்கிடம். "எல்லோரும் உங்களையே புகழ்ந்தார்கள். பொறுக்கவில்லை."

"என்னிடம் சொல்லியிருக்கலாமே. உன் உழைப்பை நானே மான்களிடம் சொல்லியிருப்பேன்."

"கேட்டு வாங்க வெட்கமாக இருந்தது."

"பட்டினி போட வெட்கமாக இல்லையா?"

சாம்ரோஷ் சிறகை மடக்கி அவள் காலடியில் படுத்தான்.

"நான் திரும்பி வந்து இந்த வருடமே இன்னொரு முறை விதை உதிர்க்கிறேன்" என்றாள் சிமுர்க். "ஆனால் மான்களிடம் நீயே போய்ச் சொல்."

போனான். தலை குனிந்து எல்லாவற்றையும் சொன்னான். மெஹ்ரி அவனை முதன்முறையாக ஏறிட்டுப் பார்த்தது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, காய்ந்த தரையில் வேர் தோண்டப் போய்விட்டது.

கூட்டத்தின் கிழமான் மட்டும் கேட்டது: "இந்த வருடத்து மழை முடிந்துவிட்டதா?"

"இல்லை. கடைசி மேகங்கள் இன்னும் இருக்கின்றன."

"பிறகு இங்கே ஏன் நிற்கிறாய்? போ."

சாம்ரோஷ் கடலை நோக்கிப் பறந்தான்.

பிறர் பெறும் புகழைக் கண்டு மனம் எரியலாம்; அதற்காக நம் கடமையை நிறுத்தினால், ஒரு பாவமும் அறியாதவர்களே முதலில் சாவார்கள்.