தொட்டிக்குப் பசிக்கவில்லை

கோணக்காட்டுக்காரர்கள் பெரியவர்கள் சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள். அவர்களுடைய கஷ்டமெல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கும்.

அந்த ஊரில் ஒரு பித்தளைப் பாத்திரப் பட்டறை. மேஸ்திரி சென்னியப்பன், அவருக்குக் கீழே காளியண்ணனும் முத்தானும். குடங்களை ஆசிட்டில் முக்கிப் பளபளப்பாக்கிக் கழுவுவார்கள். கழுவிய தண்ணீர் பட்டறை மூலையிலிருந்த தொட்டியில் தேங்கி, வாய்க்காலுக்குப் போகும்.

ஒருநாள் வாய்க்கால் தண்ணீரைச் சோதிக்கும் அதிகாரியம்மா ஜீப்பில் வந்தார். தொட்டியில் ஒரு நீலத்தாளை நனைத்தார். அது சிவந்தது.

"திங்கட்கிழமை வருவேன். மறுபடி சிவந்தா பட்டறைக்குப் பூட்டுதான்."

பட்டறை போனால் மூன்று வீட்டிலும் அடுப்பெரியாது. சென்னியப்பன் முகத்தைப் பார்த்து அதிகாரியம்மாவுக்கு மனம் இளகிவிட்டது.

"செலவில்லாத வழி இருக்கு. புரோட்டாக் கடையில வீசுற முட்டை ஓடுகளை நொறுக்கிப் போடுங்க. ஆசிட் அதைத் தின்னுட்டுச் சாந்தமாயிடும்."

அன்று மாலையே மூட்டை மூட்டையாக ஓடு வந்தது. போட்டதும் தொட்டி புசுபுசுவென்று நுரைத்தது.

"மெல்லுதுங்க, மேஸ்திரி," என்றான் முத்தான்.

"திங்கறப்ப உத்துப் பாக்காதடா, கண்ணு பட்டுரும்."

தொட்டியைச் சுற்றிப் பாய் கட்டி மறைத்தார்கள்.

"வெறும் ஓடு எப்படிங்க தொண்டையில இறங்கும்? தொட்டுக்க ஏதாச்சும் வேண்டாமுங்களா?" என்றார் காளியண்ணன்.

"அம்மா ஓடு மட்டுந்தான் சொன்னாங்க. நாம மேல போகப்படாது."

மூன்று வேளையும் இலை போட்டு, ஓடு பரப்பி, இலையோடு தொட்டியில் இறக்கினார்கள். சனிக்கிழமை மத்தியானம் போட்ட ஓடு அப்படியே அடியில் கிடந்தது. ஒரு குமிழி இல்லை.

சென்னியப்பன் குந்தி உட்கார்ந்து, "கூச்சப்படாம சாப்பிடுங்க," என்று கெஞ்சிப் பார்த்தார். இரவு வேளையும் தொடவில்லை.

"செத்துகித்துப் போச்சுன்னா அம்மாவுக்கு என்ன பதில் சொல்றது?" என்றார் சென்னியப்பன்.

"நாக்குச் செத்தா எங்கூட்டுல எலுமிச்சங்கா ஊறுகாதாங்க," என்றான் முத்தான்.

மூன்று வீட்டு ஊறுகாய் ஜாடிகளும் தொட்டியில் கவிழ்ந்தன. கொஞ்சம் நுரைத்தது. போதவில்லை. கடைசியில் காளியண்ணனுக்குத்தான் யோசனை வந்தது: அது பழகிய சரக்கையே கொடுத்தால் என்ன?

திங்கட்கிழமை காலை ஒரு கேன் ஆசிட்டை ஊற்றினார்கள். தொட்டி பொங்கியது. சென்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அதிகாரியம்மா வந்து தாளை நனைத்தார். செக்கச் செவேலென்று ஆனது.

"ஓடு போடலையா?"

"வேளாவேளைக்குப் போட்டமுங்க. ரெண்டு நாளா ஒரு வாய் தொடலை. இன்னிக்கு ஆசிட் உள்ள போன பொறவுதானுங்க பசியே எடுத்துது. இனிக் கவலையில்லீங்க."

அதிகாரியம்மா கவிழ்த்த குடத்தின்மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு அமுக்கினாலே பூட்டிக்கொள்ளும் ஒரு பூட்டைச் சென்னியப்பன் கையில் கொடுத்தார்.

"நீங்களே கதவைச் சாத்திப் பூட்டிடுங்க." சாவியோடு ஜீப்பை நோக்கி நடந்தார்.

சொன்ன சொல்லைத் தட்டலாமா? மூவரும் உள்ளே நின்று கதவைச் சாத்தி, உள்கொண்டியில் பூட்டை மாட்டி அமுக்கினார்கள். ஜீப் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

"சாவிங்க?" என்றான் முத்தான்.

"அம்மாகிட்ட. பத்திரமா இருக்கும்."

மத்தியானம் பசித்தது. உள்ளே தின்ன இருந்தது அரை மூட்டை ஓடுதான். காளியண்ணன் ஒரு கை அள்ளி வாயில் போட்டு, நெடுநேரம் மென்றார்.

"ஊறுகா அத்தனையும் அதுக்கே போட்டிருக்கப்படாதுங்க, மேஸ்திரி."