ஏழு பஸ் போகிற நேரம்

“பிளஸ் டூ முடிச்ச கையோட பவுண்டேஷன் பரீட்சை எழுதி சி.ஏ.க்குள்ள போறது நல்லதுங்களா, இல்ல ஒரு டிகிரியை முடிச்சுட்டுப் போறது நல்லதுங்களா?”

கேட்டவனுக்கு வயது நாற்பத்தைந்து. பெயர் சென்னியப்பன். கேட்டது மகள் தன்ஷிகாவுக்காக. பவுண்டேஷனுக்குப் பதிவு செய்ய நாளைக்குக் கடைசி நாள்.

எதிரே ஆடிட்டர் நாச்சிமுத்து. பெருந்துறை ரோட்டில் இதே மாடி அறையில் அவரிடம் மூன்று வருடம் சி.ஏ.வுக்கான ஆர்ட்டிகிள்ஸ் பயிற்சி செய்தவன் அவன். ஊரிலுள்ள சி.ஏ.க்களில் பாதிப் பேர் அவரிடம் தொழில் பழகியவர்கள். இவன் அந்தப் பாதியிலும் இல்லை, மீதியிலும் இல்லை.

“நீ என்ன நினைக்கறே?” என்றார்.

“நினைக்கவே பயமா இருக்குங்க சார். நீங்க காட்டுன வழியிலதான் நான் வந்தேன். பவுண்டேஷன் ஒரே தடவைல பாஸ். இன்டரும் பாஸ். பைனல்தான் ஒன்பது தடவை எழுதியும் வரலை.”

“தெரியும்.”

“சி.ஏ.வும் ஆகலை, டிகிரியும் இல்லை. இன்னைக்கும் நான் வெறும் பிளஸ் டூ. வீட்டுக் கல்யாணப் பத்திரிகைல தம்பி பேருக்குப் பின்னால பி.காம்.னு போட்டாங்க. எனக்குப் பேரோட நிறுத்திக்கிட்டாங்க.”

இதைச் சொல்ல அவனுக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. சொன்னதும் வெட்கமாக இருந்தது.

நாச்சிமுத்து யாரையும் முழுசாகப் பேசவிடாத மனிதர். இதைக் கடைசிவரை கேட்டார். எழுந்து ஜன்னலுக்குப் போனார்.

“புங்க மரத்தடியில ஸ்கூட்டரோட நிக்கறது உன் புள்ளையா?”

“ஆமாங்க சார். நான் கேட்டுட்டு வந்து சொல்றேன்னு நிக்க வெச்சுட்டு வந்தேன்.”

“உங்கப்பா உனக்காகக் கேக்க வந்தாரே, அன்னைக்கு எவ்வளவு நேரம் இங்க உட்கார்ந்திருந்தாரு, ஞாபகம் இருக்கா?”

“ஏழு பஸ் போற நேரமுங்க.”

“அதென்ன கணக்கு?”

“நான் கீழ சைக்கிளைப் பிடிச்சுட்டு நின்னேன். வேற வேலை இல்லை. எண்ணிட்டிருந்தேன்.”

நாச்சிமுத்து ரோட்டிலிருந்து திரும்பி அவனைப் பார்த்தார்.

“அப்ப, என்ன படிக்கணும்னு நினைச்சுட்டு நின்னே?”

சென்னியப்பன் யோசித்துப் பார்த்தான்.

ஏதோ ஒன்று இருந்தது. நிச்சயமாக இருந்தது. இருபத்தெட்டு வருடமாக யாரும் கேட்காததில் அது அவனுக்கே மறந்துபோயிருந்தது.

“ஞாபகம் வரலைங்க சார்.”

“அன்னைக்கும் நான் இந்த ஜன்னல்ல நின்னு உன்னைப் பார்த்தேன். மேல கூப்பிடலாம்னு தோணுச்சு. உங்கப்பாதான் தலையாட்டிட்டாரே, அப்புறம் எதுக்குன்னு விட்டுட்டேன்.”

அவர் குரல் இறங்கியது.

“நான் பண்ணுனது தப்பு, சென்னி.”

கீழே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

தன்ஷிகாவின் கையில் போன் இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி, பஸ் போவதைப் பார்த்தாள்.

“இப்பப் போனது எத்தனையாவது பஸ்ஸு?” என்றார் நாச்சிமுத்து. “கீழ போய் உன் புள்ளைகிட்டக் கேளு.”