எண்பத்தொரு வேளை சாப்பிட்ட பூனை

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மாடிப்படிக்குக் கீழே, பட்டாணி என்ற தெருப்பூனை மூன்று குட்டிகள் போட்டிருந்தது. அதற்குச் சோறு வைக்க நசுங்கிய எவர்சில்வர் தட்டு ஒன்று இருந்தது. தட்டு மட்டும் போதாது என்று குடியிருப்பில் கூட்டம் போட்டு, தெருப்பூனைகளுக்காக ஒரு செயலி செய்தார்கள். கார் நிறுத்துமிடத்துச் சுவரில் அதற்கொரு திரையும் மாட்டினார்கள்.

முதல் நாள் மூன்றாம் மாடி ரெஜினா ஒரு மத்தி மீன் தலையைத் தட்டில் வைத்து, படம் எடுத்துச் செயலியில் போட்டார். நல்ல காரியம் எதைப் பார்த்தாலும் கைப்பேசியில் கும்பிடு பொம்மை ஒன்றைத் தட்டிவிடுவது அங்கே வழக்கம். நாற்பது வீடுகளிலிருந்தும் நாற்பது கும்பிடு வந்தது.

செயலி கூட்டிப் பார்த்தது. மீன் தலை ஒன்று, கும்பிடு நாற்பது, ஆக நாற்பத்தொரு வேளை.

"பட்டாணி அளவுக்கு மீறிச் சாப்பிட்டுவிட்டது. மூன்று நாள் யாரும் எதுவும் வைக்க வேண்டாம்" என்று எல்லோருக்கும் செய்தி அனுப்பியது. அதற்கும் நாற்பது கும்பிடு வந்தது. செயலி பதறிப்போய்த் தடையை ஆறு நாளாக்கியது.

மறுநாள் ரெஜினா மீனோடு இறங்கி வந்தார். குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஜெயசீலன் மறித்தார்.

"மேடம், எண்பத்தொரு வேளை சாப்பிட்டிருக்கு. வயிறு வெடிச்சிடும்."

"விலா எலும்பு தெரியுதே சார்?"

"ஆப்புல அப்படித் தெரியலையே!"

ரெஜினாவும் திரையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். கதை சொல்லும் எனக்கு அவர் மேல்தான் கோபம் அதிகம்.

"குட்டிங்களுக்குப் பால் இல்லடா பாவி!" என்று தட்டு கத்தியது.

"பால் குறித்துப் புகார் எதுவும் பதிவாகவில்லை" என்றது செயலி.

மூன்றாம் நாள் பசி தாங்காத பட்டாணி, படிக்கட்டுக்கடியில் தொங்கிய இணைய வயரை மீன் குடல் என்று நினைத்துக் கடித்தது. திரை இருண்டது. நாற்பது வீடுகளிலும் நெட் போயிற்று. நாற்பது வீட்டுக்காரர்களும் சண்டை போடக் கீழே இறங்கி வந்தார்கள்.

வந்தவர்கள் பூனையைப் பார்த்தார்கள்.

"ஐயோ, எலும்பும் தோலுமா இருக்கே!" என்று ரெஜினா மேலே ஓடினார். பாலும் கருவாடும் தயிர் சோறும் இறங்கி வந்தன. பட்டாணி தலை நிமிராமல் தின்றது. குட்டிகள் முட்டி முட்டிப் பால் குடித்தன. தட்டுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

அதற்குள் வயரை ஒட்டிவிட்டார்கள். திரை விழித்துக்கொண்டது. ரெஜினா கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்து, தட்டுக்கு நேரே பிடித்தார்.

தட்டு அலறியது: "அம்மா, உங்களைக் கும்பிடறேன், படம் மட்டும் எடுக்காதீங்க!"

"எண்பத்திரண்டு" என்றது செயலி.