ஒரு குழாய்க்கு இரண்டு சாவி

யோசிக்கச் சோம்பல்படாதவர்கள் மட்டும் கேளுங்கள். கதை முடிந்ததும் ஓர் ஆட்டுக்குட்டி யாருக்கு என்று நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

சியரா லியோனில் உள்நாட்டுச் சண்டை ஓய்ந்த பின், எதிரெதிர் அணியில் நின்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே அயல்நாட்டுத் தொண்டர்கள் ஓர் அடிகுழாய் போட்டார்கள். கோடையில் ஊற்று மெல்லத்தான் சுரக்கும். ஓர் ஊர் முந்திக்கொண்டால் மற்ற ஊர் வெறுங்குடத்தோடு காய வேண்டும். துப்பாக்கியைக் கீழே போட்டவர்கள் குழாயடியில் கம்பைத் தூக்கினார்கள்.

தொண்டர்களில் ஒருத்தி கோவில்பட்டி செண்பகவல்லி. தண்ணீர்ச் சண்டை அவள் பிறந்ததிலிருந்து பார்த்தது. "எங்க ஊர்க் கோயில் உண்டியலுக்கு ரெண்டு பூட்டு. சாவிக்காரங்க ரெண்டு பேரும் வந்தாத்தான் திறக்கும்" என்றாள். அதேபோலக் குழாயின் கைப்பிடியைச் சங்கிலியால் பிணைத்து இரண்டு பூட்டுப் போட்டாள். ஊருக்கு ஒரு சாவி. சாவிக்காரர்கள் இருவரும் சேர்ந்து வந்து திறந்து, தண்ணீரைச் சரிபாதியாக எடுக்க வேண்டும். ஓர் ஊரின் சாவி ஜெனெபா என்ற பெண்ணிடம், மற்றது எதிர் ஊர்க் கும்பாவிடம். இருவருமே உள்நாட்டுச் சண்டையில் உடன்பிறந்தவர்களைப் பறிகொடுத்தவர்கள். சாவியை வேறு கைக்குக் கொடுப்பதில்லை என்று சத்தியம் செய்தார்கள். மீறினால் குழாயையே பிடுங்கிவிடுவோம் என்றார்கள் ஊர்ப் பெரியவர்கள்.

ஒருநாள் கும்பாவின் கைக்குழந்தைக்கு வாந்தி, பேதி. ஓடைத் தண்ணீர் செய்த வேலை. வீட்டில் நல்ல தண்ணீர் ஒரு சொட்டில்லை. சண்டைக்குப் பிறகு முதல்முறையாக எதிர் ஊருக்குள் ஓடினாள். ஜெனெபா கால் பிசகிக் கட்டோடு கிடந்தாள். அவள் ஊரே வயலுக்குப் போயிருந்தது.

ஜெனெபா சாவியை நீட்டினாள். "சத்தியம் பண்ணுனது நானு. புள்ள பண்ணலையே. கொண்டு போ."

குழாயடியில் கும்பாவின் ஊர்ப் பெண்கள் கூடிவிட்டார்கள். "ரெண்டு சாவியும் நம்ம கையில. எல்லாக் குடத்தையும் ரொப்பிருவோம்" என்றார்கள். கும்பா இரண்டே குடம் அடித்தாள், பூட்டினாள். ஒரு குடம் பிள்ளைக்கு. பிள்ளை கண் திறந்த பிறகு, மற்றக் குடத்தையும் சாவியையும் ஜெனெபாவின் வாசலில் கொண்டுபோய் வைத்தாள்.

குழாயைப் பிடுங்க வந்த பெரியவர்கள் நடந்ததைக் கேட்டார்கள். போய், ஓர் ஆட்டுக்குட்டியோடு திரும்பி வந்தார்கள். இந்தச் சமாதானத்தைச் செய்தவளுக்கு அது பரிசாம். பூட்டுப் போட்ட செண்பகவல்லி, சத்தியத்தை மீறிய ஜெனெபா, இரண்டு குடத்தோடு நிறுத்திய கும்பா. ஆட்டுக்குட்டி யாருக்குச் சேரும்?

செண்பகவல்லியின் பூட்டு நல்ல பூட்டுத்தான். ஆனால் எந்தப் பூட்டும் யாரையும் நம்பாது. ஜெனெபா பெரிய மனசுக்காரி, எனக்கு அவளை ரொம்பவே பிடிக்கும். என்றாலும் அவள் இரங்கியது துவளும் பிள்ளைக்கு. கும்பாவை நம்பினாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. கும்பாவைத் தடுக்க அன்றைக்குப் பூட்டும் இல்லை, எதிர் ஊர்க் கண்ணும் இல்லை. அப்போதும் எதிர் ஊரின் சரிபாதியை அளந்து கொண்டுபோய்ச் சேர்த்தாள். குட்டி கும்பாவுக்கே. பெரியவர்களும் அப்படித்தான் கொடுத்தார்கள். அவள் அதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. குழாயடி மாமரத்தில், கைப்பிடியிலிருந்து கழற்றிய அதே சங்கிலியால் கட்டிவிட்டாள். இரண்டு ஊர்ப் பெண்களும் அதற்குத் தழை கொண்டுவருகிறார்கள்.